ஐந்தாம் எதிரி

உக்காரும்மா, இந்தப் பக்கம் வெயில் வராது. ரைட்டர் இன்னும் வரலை. யாரோ அமைச்சர் வர்றாராம், ஸ்டேஷனே காலியாகி பந்தோபஸ்துக்குப் போயிருக்கு. உள்ளே இருக்கிற அந்த ஒரு பொண்ணு வயர்லெஸ்ஸை விட்டு நகர முடியாது. எப்படியும் பதினோரு மணி ஆகும். வந்ததும் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க, அதுவரைக்கும் இந்த பெஞ்சுதான்.

நீ என்னத்துக்கு வந்திருக்கே? மார்க் ஷீட் தொலைஞ்சு போச்சா? பஸ்லயா? அடப்பாவமே. மனு எழுதிட்டியா? எங்கே காட்டு. இதுல எந்தத் தேதியில தொலைஞ்சதுன்னு போடலையே. போடு. தேதி இல்லாட்டி ரைட்டர் திருப்பித் தந்துருவார். எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கிறியா? ஜெயில்ல நாப்பது பேருக்கு மனு எழுதிக் குடுத்திருக்கேன்மா.

பயப்படாத. என்னைப் பாத்தா பயப்படுற மாதிரியா இருக்கு? நான் இங்கே கையெழுத்துப் போட வர்றவ. கண்டிஷன் பெயில்ம்பாங்க. தினம் காலையில பத்தரைக்கு இந்த ஸ்டேஷன்ல வந்து கையெழுத்துப் போடணும். எங்க ஊர் கோவில்பட்டி. அந்த ஊர்ப் பக்கமே போகக்கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிட்டுது. போனா சாட்சிகளைக் கலைச்சிருவேனாம். அதனால பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன். இந்த ஊர்ல எனக்கு ஒருத்தரைத் தெரியாது. மெஸ்ல சாப்பாடு போடுறவன் கூட தலை நிமிந்து பாக்க மாட்டான். நேத்து சாயங்காலம் ரூமுக்குப் போனப்புறம் இப்ப உன்கிட்டதான் வாயைத் திறக்கிறேன்னா பாத்துக்கோ.

என்ன கேஸ்னு கேக்க மாட்டேங்கிறியே. கேக்கலாம், தப்பில்லை. கொலை முயற்சி. உடம்பு ஏன் இப்படித் தூக்கிப் போடுது? நான் வெட்டலைம்மா. வெட்டினது நாலு பேர். அவங்க ஏ ஒன், ஏ டூ, ஏ த்ரீ, ஏ ஃபோர். நான் ஏ ஃபைவ். குத்தப் பத்திரிகையில தமிழ்ல எழுதியிருக்கான், ஐந்தாம் எதிரின்னு. செண்பகவல்லி, வயது ஐம்பத்தொன்பது, ஐந்தாம் எதிரி. எனக்கு இந்த உலகத்துல எதிரியே கிடையாது. முப்பத்தி நாலு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டரா இருந்தேன், ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது. என் பேர்ல ஒரு மெமோ கிடையாது.

கல்யாணம் ஆகலை. ஏன்னு நீயும் கேட்டுறாத. எல்லாரும் கேட்டு ஓஞ்சாச்சு. அப்பா கட்டின வீடு, கீழே நான், மேலே ஒரு போர்ஷன். தங்கச்சி ஒருத்தி இருந்தா, போயிட்டா. அவ மகன் துபாய்ல இருக்கான். வந்தப்போ வாசல்ல ஒரு கேமரா மாட்டிக் குடுத்தான், பெரியம்மா தனியா இருக்கீங்க, பத்திரம்னு. அதோட சரி. அந்த கேமராவுல தினம் என்ன தெரியும்கிறே? பால் பாக்கெட் போடுறவன் தெரிவான், நான் கோலம் போடுறது தெரியும். சில நாள் பொழுது போகாம அதைத் திரும்பப் போட்டுப் பாப்பேன். நானே குனியுறேன், நானே நிமிருறேன்.

மாடி ஒரு வருஷமா பூட்டிக் கிடந்துச்சு. போன ஆவணி மாசம் இவங்க ரெண்டு பேரும் வந்தாங்க. இந்துஜா, அருள்சீலன். அவளுக்கு இருபத்தி ரெண்டு. அவனுக்கு இருபத்தேழு இருக்கும், ஏ.சி. மெக்கானிக். கையில ஒரே ஒரு பை. வந்த அன்னைக்கே அந்தப் பொண்ணு உள்ளதைச் சொல்லிட்டா. ரெஜிஸ்தர் கல்யாணம், எங்க வீட்ல ஒத்துக்கலை, தேடிக்கிட்டு இருப்பாங்க, யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிருங்கம்மான்னா. நான் அவ கையைப் பிடிச்சு, இது உன் வீடு மாதிரின்னு சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

அவ ஒரு ஆளுக, அவன் ஒரு ஆளுக. நான் அதெல்லாம் பாக்கிறவ இல்லை. பாத்திருந்தா வீடே குடுத்திருக்க மாட்டேன்லா? அவனுக்குன்னு ஒரு டம்ளரைத் தனியா வச்சிருந்தேன், வாஸ்தவம்தான். அதையும் அந்த இன்ஸ்பெக்டர் எழுதிக்கிட்டார். அவன் வாய் வச்சுக் குடிக்கிறவன், அதனால வச்சேன். அவளும் வாய் வச்சுத்தான் குடிப்பா. ஆனா அவ வீட்டுப் பிள்ளை மாதிரி, அது வேற.

அவ வெளியவே போக மாட்டா. யார் கண்ணுலயாவது பட்டுருவோமோன்னு பயம். அவன் காலையில எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பினா, எட்டே முக்காலுக்குக் கீழே இறங்கி வந்துருவா. நாள் பூராவும் என் கூடத்தான். காய் நறுக்கித் தருவா. என் முழங்காலுக்குத் தைலம் தேச்சு விடுவா. எக்ஸ்சேஞ்ச் கதை கேப்பா. அந்தக் காலத்துல ட்ரங்க் கால் எப்படிப் போடுவோம், யார் யார் என்னென்ன பேசுவாங்க, கேட்டும் கேக்காத மாதிரி எப்படி உக்காந்திருப்போம்னு சொல்லிக் காட்டுவேன். விழுந்து விழுந்து சிரிப்பா. முப்பத்தி நாலு வருஷத்துல என் கதையை ஒருத்தர் உக்காந்து கேட்டதில்லை. எட்டு மாசம். எட்டு மாசமும் அந்த வீட்ல நான் சொந்தமா எனக்கு மட்டும் சமைச்சுச் சாப்பிட்ட நாள் ரொம்பக் கம்மி.

அவனைப் பத்திக் குத்தம் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை. மரியாதையான பையன். தண்ணியைத்தான் வீணாக்குவான். சனிக்கிழமை அரை நாள் வேலை. சாயங்காலம் நாலு மணிக்கு வாசல்ல வண்டியை நிறுத்தி வச்சுக் கழுவ ஆரம்பிச்சான்னா ஒரு டேங்க் தண்ணி போகும். அவன் வந்துட்டா அவ மேலே ஏறிப் போயிருவா. ஞாயித்துக்கிழமை பூரா வர மாட்டா. அது நியாயம்தான், புருசன் பொண்டாட்டி. நான் ஒண்ணும் சொன்னதில்லை. ஞாயித்துக்கிழமை எனக்குக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

மார்கழி மாசம் ஒரு நாள் அவளுக்கு அம்மா ஞாபகம் வந்து அழுதா. அம்மா குரலை மட்டும் கேட்டா போதும்னா. என் வீட்ல லேண்ட்லைன் உண்டு, ஆபீஸ்ல ரிட்டயர் ஆனவங்களுக்கு உள்ள சலுகை. நீங்க போடுங்கம்மா, ஆம்பளை யாராவது எடுத்தா ராங் நம்பர்னு சொல்லிருங்கன்னா. நம்பரைச் சொன்னா, நான் போட்டேன். அம்மாதான் எடுத்தா. ரிசீவரை இவ காதுல வச்சேன். அந்தப் பக்கம் ஹலோ ஹலோங்கிறா, இவ வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறா. அப்புறம் வச்சுட்டா. அந்த நம்பர் என் மனசுல நின்னு போச்சு. நம்பர்னா எனக்கு மறக்காது, தொழில் அப்படி.

பங்குனியில அவ முழுகாம இருந்தா. எனக்குத்தான் முதல்ல தெரியும், அவனுக்கே அப்புறம்தான். எப்படி இருந்துச்சு எனக்குன்னு நினைக்கிறே? பழைய சேலையெல்லாம் எடுத்துத் துவைச்சு மடிச்சேன், தூளிக்கு ஆகும்னு. பிரசவம் இங்கேதான், ஆஸ்பத்திரிக்கு நான் கூட வர்றேன், பிள்ளையைக் குளிப்பாட்ட ஆள் வைக்க வேண்டாம், நானே பழகிக்கிறேன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அவளும் சரிம்மா சரிம்மான்னா.

எதிர்த்த வீட்டு முக்குல இஸ்திரி வண்டி வச்சிருக்கா பேச்சின்னு ஒருத்தி. அவ ஒரு நாள் என்கிட்ட வந்து, அக்கா உங்க மாடி காலியாகுதாமே, சீலன் மூட்டை கட்டச் சாக்கு கேட்டானேங்கிறா.

இஸ்திரி போடுறவளுக்குத் தெரியுது. எனக்குத் தெரியலை.

சாயங்காலம் இந்துஜா வந்தா. நான் ஒண்ணும் கேக்கலை, மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டா. அவனுக்கு ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை கிடைச்சிருக்காம், குவார்ட்டர்ஸ் தர்றாங்களாம், அடுத்த மாசம் பத்தாம் தேதி சேரணுமாம். கோச்சுக்காதீங்கம்மா, கிளம்புற வரைக்கும் யார் காதுக்கும் போக வேண்டாம்னு அவர்தான் சொன்னார்ங்கிறா.

யார் காதுக்கும். நீயே சொல்லும்மா, நான் யாரோவா? எட்டு மாசம் அவ குடிச்ச காபி நான் போட்டது. அவ வாந்தியை நான் துடைச்சிருக்கேன். என் காதும் யார் காதோ காதா? அவகிட்ட நல்லா இருங்கன்னு சொன்னேன். அவ மேலே போன பிறகு டி.வி.யைப் போட்டேன். என்ன ஓடுச்சுன்னு தெரியாது.

மறுநாள் அவ அம்மாவுக்குப் போன் பண்ணினேன். கெட்ட எண்ணமே கிடையாது. மகள் முழுகாம இருக்கான்னு பெத்தவளுக்குத் தெரிய வேண்டாமா? அதைச் சொல்லத்தான் பண்ணினேன். அந்தம்மா அழுதுருச்சு. இந்த நம்பர்லேருந்து ஏற்கெனவே ஒரு நாள் கால் வந்து பேசாம வச்சாங்களே, அது என் மகதானான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். எந்த ஊர்னு கேட்டுச்சு. சொன்னேன். ஒரு தாய் கேக்குறப்போ சொல்லாம இருக்க முடியுமா?

அடுத்த நாள் அவ தாய்மாமன் கூப்பிட்டான். தவசின்னு பேர். குரல் அவ்வளவு மரியாதை. அக்கா அக்கான்னுதான் பேசுவான். எங்க பிள்ளையை எட்டு மாசம் பாத்துக்கிட்டீங்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்லுவேன்னான். மறுநாளும் கூப்பிட்டான். சாப்பிட்டீங்களாக்கா, முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேப்பான். ஒன்பது நாள்ல பதினோரு கால்னு கோர்ட்டுல லிஸ்ட் குடுத்திருக்காங்க. சதித் திட்டம் தீட்டினோமாம். நான் சொல்றேன் கேளு, அதுல ஒன்பது கால் நலம் விசாரிச்சதுதான். ஓசூருக்குப் போறாங்கன்னு நான்தான் சொன்னேன், வருத்தம் தாங்காம. அவனும் வருத்தப்பட்டான். நீங்க வளத்த பிள்ளையை இப்படிப் பிரிச்சுட்டுப் போறானேக்கான்னான். பேச்சுவாக்குல அவனைப் பத்திக் கேப்பான். நானும் சொல்லுவேன். தண்ணியை வீணாக்குறான், சனிக்கிழமையானா நாலு மணிக்கு வாசல்ல வண்டி கழுவுறேன்னு டேங்கைக் காலி பண்ணிருவான்னு சொன்னேன். இது குறைம்மா. ஒரு வீட்டுக்காரி வாடகைக்கு இருக்கிறவனைப் பத்திச் சொல்ற குறை. இதைப் போய் நேரமும் இடமும் சொல்லிக் குடுத்தான்னு எழுதினா என்ன அர்த்தம்?

சித்திரை மாசம் அஞ்சாம் தேதி சனிக்கிழமை. அன்னைக்கு கேமரா ஓடலை. ஏன் ஓடலைன்னு ஆயிரம் தடவை கேட்டுட்டாங்க. நான் மிக்ஸி போட ப்ளக்கைப் பிடுங்கினேன். கேமரா பெட்டி ஹால்ல இருக்கு, மிக்ஸி அடுப்படியில இருக்கு, எப்படின்னு இன்ஸ்பெக்டர் கேட்டார். அன்னைக்கு ஹால்ல வச்சு அரைச்சேன். வேர்க்குதேன்னு ஃபேனுக்கு அடியில வச்சு அரைச்சேன். ஒரு பொம்பளை தன் வீட்ல எங்கே வச்சு அரைக்கணும்னு கூடவா சட்டம் இருக்கு?

மூணரைக்கு இந்துஜாவைக் கூட்டிக்கிட்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கண்ணாடி மாத்தணும், தனியாப் போக முடியலை, துணைக்கு வான்னு கூப்பிட்டேன். அவ தயங்கினா. அவன்தான், அம்மா கேக்கிறாங்கல்ல, முகத்தை மூடிக்கிட்டு ஆட்டோல போயிட்டு வாங்கன்னு அனுப்பி வச்சான். எட்டு மாசத்துல டாக்டர் கிட்டத் தவிர அவ வேற எங்கேயும் போனதில்லை. ஆட்டோல என் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தா. ரோட்டை அப்படி வேடிக்கை பாத்தா. கரும்புச்சாறு குடிக்கலாமாம்மான்னு கேட்டா, வாங்கிக் குடுத்தேன்.

கடையில என் மூக்குல அந்த இரும்பு வளையத்தை மாட்டி, ஒவ்வொரு கண்ணாடியாப் போட்டு, இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கான்னு கேட்டுக்கிட்டு இருக்கான். அப்ப அவ போன் அடிச்சுச்சு. பேச்சிதான். அவ என்ன சொன்னாளோ, இவ போனைக் காதுல வச்சபடி அப்படியே நின்னா. எனக்கு அந்தக் கண்ணாடியில அவ ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சா. கழட்டிட்டுப் பாக்கிறதுக்குள்ள ரோட்டுல இறங்கி ஓடிட்டா. முகத்தை மூடாம ஓடினா.

பேச்சி இல்லேன்னா அவன் செத்திருப்பான். ரெண்டு வண்டியில நாலு பேர் வந்திருக்காங்க, தவசியும் அதுல ஒருத்தன். இவன் குனிஞ்சு சக்கரத்தைத் துடைச்சுக்கிட்டு இருந்திருக்கான். அவ இஸ்திரிப் பெட்டியைத் திறந்து அப்படியே கங்கோட அவங்க மேல வீசிட்டா. ஒருத்தனுக்குக் கழுத்துல விழுந்து, சத்தம் போட்டு, தெரு கூடிருச்சு. ஓடிட்டாங்க. அவனுக்குக் கையில வெட்டு. மூணு விரல் போச்சு, நரம்பு போச்சு. உயிர் நின்னுருச்சு. சாகலைங்கிறதால முயற்சின்னு செக்‌ஷன். செத்திருந்தா வேற செக்‌ஷன். வக்கீல் விளக்கினார். வெட்டினவன், வண்டி ஓட்டினவன், வழி சொன்னவன், எல்லாருக்கும் ஒரே தண்டனையாம். முடிஞ்சாலும் முடியாட்டாலும் சேர்ந்து போட்ட திட்டமே தனிக் குத்தமாம். நான் சொன்னேன், சார், நான் இணைப்பு குடுக்கிறவ. லைன் போட்டுக் குடுத்தா பேசினது அவங்க. பேசி முடிச்சு ஒருத்தன் போய்த் தூக்குல தொங்கினா ஆபரேட்டரையா பிடிப்பீங்கன்னு. அவர் சிரிக்கலை. கேட்டுக்கிட்டே இருந்தா பிடிப்பாங்கம்மான்னார்.

நாலு நாள் ஆஸ்பத்திரியில அவ கூடவே இருந்தேன். அவளுக்கு வேற யாரு இருக்கா? இட்லி அவிச்சுக் கொண்டு போவேன், ஃபிளாஸ்க்ல பால் கொண்டு போவேன். வார்டு வெளியில பெஞ்சுல உக்காந்து என் தோள்ல சாஞ்சுக்குவா. நீங்க என்னைக் கூட்டிட்டுப் போகலைன்னா நானும் வாசல்லதானம்மா நின்னிருப்பேன், என் பிள்ளையையும் சேத்துக் காப்பாத்திட்டீங்கன்னு சொல்லி அழுவா. நான் தலையைத் தடவிக் குடுத்தேன். சொல்லக்கூடாது, ஆனா அந்த நாலு நாள் மாதிரி என் வாழ்க்கையில நாள் இல்லை. ஒரு நர்ஸு, நீங்க பொண்ணுக்கு அம்மாவான்னு கேட்டா. ஆமான்னேன். இந்துஜாவும் மறுக்கலை.

நாலாம் நாள் இன்ஸ்பெக்டர் ஒரு பேப்பரோட வந்தார். நாங்க ரெண்டு பேரும் அதே பெஞ்சுல இருந்தோம், அவ கை என் கைக்குள்ள இருந்துச்சு. இது உங்க லேண்ட்லைன் நம்பரான்னார். ஆமான்னேன். இதுலேருந்து ஒரு நம்பருக்குப் இந்த மாசம் எட்டாம் தேதி பேசியிருக்கீங்க, அங்கேருந்துதான் எல்லாம் ஆரம்பிச்சிருக்குன்னு சொல்லி, அந்த நம்பரை வாசிச்சார். பத்து எண். அவர் ஆறு எண் வாசிக்கிற வரைக்கும் அவ கை என் கையில இருந்துச்சு. அது அவ அம்மா நம்பர், அவளுக்குத் தெரியாதா? ஏழாவது எண்ணுல கையை உருவிக்கிட்டா. பிடுங்கலை, உதறலை. மெதுவா உருவிக்கிட்டா. எந்திரிச்சு வார்டு வாசல்ல போய் நின்னுக்கிட்டு என்னைப் பாத்தா.

"அப்ப கண்ணாடிக் கடைக்கு எதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?" ன்னா.

அவ்வளவுதான் கேட்டா. நான் பதில் சொல்றதுக்குள்ள உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. என்னை ஜீப்ல ஏத்திட்டாங்க. ஃபிளாஸ்க் அந்த பெஞ்சுலயே இருந்துச்சு.

அப்புறம் அறுபத்தி மூணு நாள் ஜெயில். நீ நம்ப மாட்டே, ஜெயில் அவ்வளவு மோசம் இல்லை. ஒரே ஹால்ல பதினெட்டுப் பேர். யாராவது பேசிக்கிட்டே இருப்பாங்க. மனு எழுதிக் குடுங்கம்மா, வீட்டுக்கு லெட்டர் எழுதிக் குடுங்கம்மான்னு சுத்தி உக்காந்திருப்பாங்க. டெலிபோன் அம்மான்னு பேர் வச்சிருந்தாங்க. பெயில் கிடைச்ச அன்னைக்கு அதுல ரெண்டு பேர் அழுதாங்க. வெளியே வந்தா வக்கீலோட குமாஸ்தா மட்டும் நின்னான், இந்த ஊர் அட்ரஸ் எழுதின சீட்டோட.

இங்கே வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. தளர்த்தச் சொல்லி மனுப் போடலாம், வாரம் ஒரு தடவை வந்தாப் போதும்னு ஆக்கிக்கலாம்னு வக்கீல் சொன்னார். நான்தான் பாப்போம் சார்னு சொல்லியிருக்கேன். தினமும் வர்றதுல எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை. ரைட்டர் ஒரு நாள் காபி குடிச்சீங்களாம்மான்னு கேட்டார்.

போன வாரம் வாய்தா. கோர்ட்டுல அவளைப் பாத்தேன். ஏழு மாசம். வயிறு நல்லாத் தெரியுது. இளைச்சிருக்கா. அவனும் வந்திருந்தான், கையை ஒரு துண்டுக்குள்ள வச்சிருந்தான். அவனால ஸ்பேனர் பிடிக்க முடியாதாம். ஓசூர் வேலை போச்சு. இப்ப பேச்சி வீட்டுப் பக்கத்துல ஒரு ரூம்ல இருக்காங்களாம், இவதான் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போறாளாம். வெளியவே வராத பிள்ளை. கிட்டப் போய் ஒரு வார்த்தை, சத்து மாத்திரை சாப்பிடுறியான்னு ஒரு வார்த்தை கேக்கணும்னு ரெண்டு அடி வச்சேன். வக்கீல் முழங்கையைப் பிடிச்சு நிறுத்திட்டார். சாட்சிகிட்ட பேசினா பெயில் ரத்தாகும்மான்னார். அவ என் பக்கம் திரும்பவே இல்லை. சுவத்தைப் பாத்தே உக்காந்திருந்தா.

அன்னைக்குத்தான் இன்னொண்ணு சொன்னார். அரசுத் தரப்புல கேக்கிறாங்களாம், ஏ ஃபைவ் அப்ரூவர் ஆகிறாங்களான்னு. நான் நடந்ததையெல்லாம் ஒளிக்காம சொல்லிட்டா எனக்கு மன்னிப்பு. மத்த நாலு பேருக்கும் தண்டனை உறுதி. ஆனா எல்லாத்தையும் சொல்லணும். ஒண்ணை மறைச்சாலும் மன்னிப்பு செல்லாது. நான் சொன்னேன், சொல்றதுக்கு என்ன சார் இருக்கு, எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதேன்னு. அவர் ஃபைலை மூடிட்டு, ஒண்ணும் தெரியாதவங்களை அரசாங்கம் அப்ரூவரா எடுக்காதும்மான்னு போயிட்டார்.

ரூமுக்கு வந்து யோசிச்சேன். நான் கூண்டுல ஏறிச் சொன்னா, அவ அங்கே உக்காந்திருப்பால்லா? அவனைக் கூட்டிட்டு வருவால்லா? நான் பேசப் பேச அவ கேட்டுத்தானே ஆகணும். சுவத்தைப் பாத்தாலும் காது கேக்கும். எதுக்குக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனீங்கன்னு கேட்டாளே, அதுக்கு பதிலும் சொல்லிரலாம். அதனால சரின்னு சொல்லிரலாம்னு இருக்கேன். நாளைக்கு வக்கீலுக்குப் போன் பண்ணணும்.

ஆனா அந்த ஒரு கால் இருக்கு. பதினோரு கால்ல கடைசி கால். வெள்ளிக்கிழமை மத்தியானம். அதைத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை, வக்கீல்கிட்டக் கூட. சொல்ல வருதான்னு ஒரு தடவை பாத்துக்கணும். உன்கிட்ட சொல்றேன், கேட்டுக்கோ.

தவசி கூப்பிட்டான். சாப்பிட்டீங்களாக்கான்னான். சாப்பிட்டேன்னேன். நாளைக்கு நாலு மணிக்கு எங்க பிள்ளையை எங்கேயாவது வெளியே கூட்டிட்டுப் போயிருங்கக்கா, அவ பாக்க வேண்டாம், வயித்துப் பிள்ளைக்காரின்னான். அந்த கேமராவையும் கொஞ்சம் நிறுத்திருங்கன்னான். என்னப்பா செய்யப் போறீங்கன்னு கேட்டேன். உயிருக்கு ஒண்ணும் செய்ய மாட்டோம்கா, வேலை செய்யுற கையில ஒண்ணு போட்டுட்டுப் போயிருவோம், வலது கையோட விட்டுருவோம்னான்.

நான் சொன்னேன், "அவன் இடது கைக்காரன்"னு.

அவ்வளவுதான்மா நான் சொன்னது. மூணு வார்த்தை. அவன் சரிக்கான்னு வச்சுட்டான். வச்சப்புறம் நான் அந்த நாற்காலியிலேயே உக்காந்திருந்தேன். மேலே அவ நடக்கிற சத்தம் கேட்டுச்சு. எனக்கு என்ன தோணுச்சுன்னா, கை போயிட்டா ஓசூர்ல அவனை எடுக்க மாட்டாங்க. எங்கேயும் போக முடியாது. மாடியில அவங்க, கீழே நான். அவன் வீட்ல இருப்பான், அவ வேலைக்குப் போனாலும் பிள்ளையை நான் பாத்துக்குவேன். யாருக்கும் உயிர்ச் சேதம் இல்லை. அப்படித்தான் நினைச்சேன். வெறுப்பு இல்லைம்மா, அவன் மேல எனக்கு வெறுப்பே இல்லை. வலது கையில வெட்டினா அவன் ஒரு மாசத்துல கிளம்பிப் போயிருவானேன்னுதான்.

சொல்லிட்டேன் பாத்தியா. நான் வராதுன்னு நினைச்சேன். வந்துருச்சு. கோர்ட்டுல இதை இன்னும் கொஞ்சம் நிறுத்தி நிதானமாச் சொல்லணும். அவ காதுல தெளிவா விழுற மாதிரி. இப்ப வேகமாச் சொல்லிட்டேனோ? உனக்குப் புரிஞ்சுதுல்லா?

என்னம்மா எந்திரிச்சுட்டே? அந்தப் பக்கம் வெயில். உன் பேரை இன்னும் கூப்பிடலையே. பேப்பர் கீழே விழுந்துருச்சு பாரு, உன் மனு. இந்தா. வாங்கிக்கோ. நான் நீட்டிக்கிட்டே இருக்கேன்லா, வாங்கிக்கோம்மா.